தாடைய இறக்கு

போன வருஷப் படத்தில் ரேலினின் முகமே விழவில்லை. சியர்லீடிங் குழுவின் அந்தப் படம் பேனராகி, கால்பந்து மைதானத்தின் கம்பி வேலியில் சீசன் முழுக்கத் தொங்கியது. மற்ற பெண்களெல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்க, ரேலினின் கழுத்தும் இரண்டு மூக்குத் துவாரமும்தான் ஊருக்குக் காட்சி. அவள் அம்மா ரோண்டா தினமும் பல் ஆஸ்பத்திரி வேலைக்கு அந்த வேலியைத் தாண்டித்தான் காரில் போக வேண்டும். போகும்போதெல்லாம் வயிறு எரியும்.

பிள்ளைமேல் குற்றமில்லை. ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்த ஆடிக் குதிக்கிற சியர்லீடிங்கில், தூக்கிப் பிடிக்கிறவர்கள் மேலே நிற்கிறவளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கோச் டெனிஸ் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள். ரேலினும் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. கேமரா எங்கே இருந்தால் அவளுக்கென்ன, மேலே இருந்த ஜேஸியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். இதெல்லாம் ரோண்டாவுக்கும் தெரியும். தெரிந்தால் எரிச்சல் போய்விடுமா? இந்த வருஷம் என் பெண் முகம் பேனரில் தெரியாவிட்டால் நான் ரோண்டா இல்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

இந்த வருஷம் படம் எடுக்க வந்தவன் ட்வேன் ப்ரூவிட். கல்யாணம், பட்டமளிப்பு என்று ஒக்லஹோமாவின் அந்த மூலையில் எல்லோருக்கும் படம் எடுத்தவன்தான், ஆனால் கொஞ்சம் கிறுக்கு. வரிசையாக நிற்க வைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி எடுத்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை. பெண்களைப் புல்லில் வட்டமாகப் படுக்க வைத்துத் தலையோடு தலை சேர்த்து, ஏணிமேல் ஏறி எடுத்தான். முதுகைக் காட்டி நிற்க வைத்து, கொண்டையில் கட்டிய பெரிய ரிப்பன்களை மட்டும் எடுத்தான். கையில் ஊதாப் பொடியும் மஞ்சள் பொடியும் கொடுத்து ஓங்கித் தட்டச் சொன்னான். புகை மாதிரி எழும்பிய பொடிக்குள் பன்னிரண்டு பெண்களும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

"படமா எடுக்கிறான், சினிமால்ல எடுக்கிறான்" என்றாள் கோர்ட்னி. அவள் ஜேஸியின் அம்மா. பெண்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்ததில் அம்மாக்களும் ஒட்டிக்கொண்டார்கள். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி, கோர்ட்னி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை கத்துவாள்: "ஜேஸி! தாடைய இறக்குடி! மூக்கு ஓட்டை தெரியுது!"

உடனே மற்ற அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். தாடைய இறக்கு, தோளை இறக்கு, சட்டைய இறக்கு. படம் எடுக்கிற நாள் என்றால் அப்படித்தான். பயிற்சி நாளில் எந்த அம்மாவாவது வாயைத் திறந்தால் கோச் டெனிஸ் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவாள். படத்தன்று அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள். தலைமுடி சரி செய்கிறேன், உதட்டுச் சாயம் பூசுகிறேன் என்று எல்லோரும் பெண்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

கடைசிப் படம்தான் பேனருக்கு. ட்வேன் புல்லில் மல்லாந்து படுத்துக்கொள்வான். அவனுக்கு மேலே மூன்று பெண்கள் ஜேஸியைத் தூக்கி நிறுத்துவார்கள். கீழேயிருந்து பார்த்தால் மூன்று முகம், நடுவில் ஜேஸி, அவளுக்குப் பின்னால் முழு வானம்.

"முன்னாடி நிக்கிற பொண்ணு வேண்டாம், எனக்கு மறைக்குது" என்றான் ட்வேன்.

"விழுந்தா பிடிக்கிறதுக்கு நிக்கிறவ அவ. அவ இல்லாம தூக்கினதில்லையே" என்று கோச் இழுத்தாள்.

"ஒரே ஒரு நிமிஷம் கோச். ஆன்னு சொல்றதுக்குள்ள இறக்கிடலாம்."

மெத்தையும் விரிக்கவில்லை. நீல மெத்தை படத்தில் அசிங்கமாகத் தெரியுமாம். பொடிக் கையோடு தூக்கக் கூடாது என்று மட்டும் எல்லோருக்கும் தோன்றியது. ரோண்டாவே ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் ரேலினின் விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். நகக்கண்ணில் கூட ஊதா நிறம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரோண்டா மறந்துவிடப் போகிறாள்.

முடி பறக்க வேண்டும் என்று ஒரு பெண்ணின் அப்பா, தோட்டத்துச் சருகை ஊதித் தள்ளுகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து போட்டார். காது கிழிகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜேஸி மேலே போனாள். இடது பாதம் ரேலின் கையில், வலது பாதம் இன்னொருத்தி கையில். பின்னாலிருந்து கணுக்காலைப் பிடித்தவள் மரிபெல். 'இறக்கு' என்று சொல்லும் உரிமை மரிபெல் ஒருத்திக்குத்தான். அந்தச் சொல் காதில் விழுந்தால் யோசிக்காதே, இறக்கு. ஏன் எதற்கு என்று கேட்காதே. மேலே இருப்பவள் காலைச் சேர்ப்பாள், கீழே இருப்பவர்கள் விடுவார்கள். வருஷக்கணக்கில் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்குள் அப்படி ஏற்றி வைத்திருந்தார்கள்.

மற்ற இருவரும் ட்வேனைப் பார்த்துச் சிரித்தார்கள். ரேலின் வழக்கம்போல ஜேஸியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கழுத்து, மறுபடியும் மூக்கு! ரோண்டாவுக்கு வந்ததே கோபம். இரண்டெட்டு முன்னால் வைத்து, இயந்திரச் சத்தத்தையும் மீறித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"தாடைய இறக்கு!"

தாடையை இயந்திரம் விழுங்கிவிட்டது. மிச்சம்தான் போய்ச் சேர்ந்தது.

ரேலினின் கைகள் இறங்கின. மேலே ஜேஸி கால்களைச் சேர்த்தாள். மற்ற இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் பிடித்தது பிடித்தபடி நின்றார்கள். ஜேஸி பக்கவாட்டில் சாய்ந்து, பிடிக்க யாரும் இல்லாத பக்கமாக வந்து, ட்வேனின் விளக்குப் பெட்டியின் விளிம்பில் முதுகு பட விழுந்தாள். இயந்திரம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு கோச் டெனிஸ் பெண்களை நிறுத்திக் கேட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மரிபெல், நீ இறக்குன்னு சொன்னியா?"

"சத்தியமா இல்ல கோச். நான் வாயே திறக்கல."

"அப்ப யாரு சொன்னது? ரேலின், நீ ஏன் விட்ட?"

ரேலின் நிமிர்ந்து பார்த்தாள். கோச்சை இல்லை, கோச்சுக்குப் பின்னால் நின்ற அம்மாவை.

"கை வழுக்கிடுச்சு கோச். பொடி" என்றாள் ரேலின்.

இருவரும் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் வண்டி நின்றதும் ரேலின் சீட் பெல்ட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "ம்மா, நான் வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. மாத்திச் சொன்னா மாட்டிக்குவோம்."

"ம்" என்றாள் ரோண்டா.

அவ்வளவுதான். பதிமூன்று வயதுப் பிள்ளை பொய் சொல்லித் தாயைக் காப்பாற்றுகிறது, பெற்றவள் 'ம்' என்கிறாள். அன்றைக்கே இறங்கி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் டல்சா நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ஜேஸிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வருவதும் சந்தேகம்தானாம். அதற்குப் பிறகு 'நான்தான்' என்ற சொல் ரோண்டாவின் வாயில் வரவே இல்லை.

ஊர் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டது. ஒன்று ரேலின். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'வழுக்குக்கை' என்று பேர் வைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டை அவள் எடுத்துக்கொண்டு போனால், "பாத்து பாத்து, கீழ போட்டுடப் போறா" என்று ஒதுங்குவார்கள். குழுவை விட்டு அவளை யாரும் போகச் சொல்லவில்லை. பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொருவன் ட்வேன். கலர் பொடி கொண்டுவந்து பிள்ளையின் முதுகெலும்பை உடைத்தவன் என்று பேராகிவிட்டது. அவன் ஒரு நாள் ரோண்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"ரோண்டாக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். பொடியெல்லாம் துடைச்சப்புறம்தான தூக்கினாங்க? நீங்கதான துணி வெச்சுத் துடைச்சீங்க? நான் பாத்தேனே."

"துடைச்சேன்தான்."

"அப்புறம் எப்படி வழுக்கும்?"

ரோண்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னப் பிள்ளைங்க ட்வேன். புல்லுலயும் பொடி கிடந்துச்சு. மறுபடி தொட்டிருக்கும்."

"மெத்தை வேண்டாம்னது நான்தான். முன்னாடி நின்ன பொண்ண ஒதுக்கினதும் நான்தான். அதுக்கு என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன். ஆனா பொடி இல்லக்கா. பொடி இல்ல."

"நான் என்ன செய்யட்டும்?" என்றாள் ரோண்டா. அவன் போன பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது என்ன பிரயோசனம்? கதவைத் திறந்து அவனைக் கூப்பிடவில்லையே. மாடிப்படியில் ரேலின் நின்றுகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள்.

நவம்பரில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின வாரம் கோர்ட்னி போன் செய்தாள். ஜேஸி ரேலினைப் பார்க்கக் கேட்கிறாளாம். ரோண்டா பீக்கன் பருப்புப் பணியாரம் ஒரு தட்டு நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போக முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜேஸியின் கட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாகியிருந்தது.

"உன் கை வழுக்கல, எனக்குத் தெரியும்" என்றாள் ஜேஸி. "எனக்கு இறக்குன்னு கேட்டுச்சுடி. அதான் காலைச் சேத்தேன். மரிபெல் சொல்லலங்கிறா. யாருமே சொல்லலயாம். அப்ப நானா எதையோ நெனச்சுக்கிட்டு சேத்துட்டேன். என்னாலதான் எல்லாம். உன்னைப் போய் எல்லாரும் திட்டுறாங்க."

ரேலின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லும்மா என்றது அந்தப் பார்வை. அவ்வளவு தெளிவாக யாரும் யாரையும் கெஞ்சிப் பார்த்திருக்க முடியாது. ரோண்டா பணியாரத் தட்டை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினாள்.

நர்ஸ் வந்து ஜேஸியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றாள். எல்லோரும் வெளியே வந்தார்கள். ரேலின் சுவரோரம் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கோர்ட்னி ரோண்டாவின் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள்.

"அவ சொன்னதக் கேட்டியா? இறக்குன்னு கேட்டுச்சாம்." கோர்ட்னியின் குரல் உடைந்தது. "அது பிரமை இல்ல ரோண்டா. நான்தான் கத்தினேன்."

ரோண்டாவுக்குப் புரியவில்லை. "என்ன கத்தின?"

"தாடைய இறக்குன்னு. அன்னைக்கு மத்தியானம் பூரா அதைத்தான கத்திக்கிட்டிருந்தேன்? கடைசியாவும் கத்தியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா கத்தியிருப்பேன். வேற யாரு? அந்த சத்தத்துல அவளுக்கு இறக்கு மட்டும் கேட்டிருக்கு. நான் பெத்த பொண்ண நானே தள்ளி விட்டுட்டேன்டி. படுத்தாத் தூக்கம் வரல. அவரு கிட்ட சொல்லல. யார் கிட்டயும் சொல்லல. உன் பொண்ணு மேல பழி விழுந்துச்சு, அதையும் பாத்துக்கிட்டு சும்மா இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடு ரோண்டா."

இதற்கு மேல் ஒரு வாய்ப்பை அந்த ஆண்டவனாலும் கொடுக்க முடியாது. ரோண்டா வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தாள், அதை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் உடம்பெல்லாம் லேசாகிப்போனது. ஜன்னி விட்டது போல. பாரம் இறங்க வேறொரு தோள் கிடைத்துவிட்டது, அந்தத் தோள் தானாகவே வந்து குனிந்து நிற்கிறது.

"அப்படியெல்லாம் நினைக்காத கோர்ட்னி" என்றாள். "நீ கத்தினியோ இல்லையோ, அதையெல்லாம் இப்ப யாரால சொல்ல முடியும்? நடந்தது நடந்துபோச்சு. நீ வேணும்னா செஞ்ச?"

சமாதானம்தான் சொல்கிறேன் என்று அவளே நம்பினாள். பாவி. கோர்ட்னி அவள் தோளில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரோண்டா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"மிஸ் கோர்ட்னி."

ரேலின் எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை.

"அது உங்க குரல் இல்ல" என்றாள். "உங்க குரலா இருந்தா நான் கையை எடுத்திருக்க மாட்டேன். அது எங்கம்மா."

கோர்ட்னியின் அழுகை நின்றது. கைகள் மட்டும் ரோண்டாவின் முதுகில் அப்படியே இருந்தன. அவற்றை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.