மடித்த துண்டு

"நாம முட்டி போட்டாத்தான் சாமிக்குக் காது கேக்குமாப்பா?"

ஆறு வயதில் தம்பி கேட்ட கேள்வி இது. பஸ் ஓட்டிவிட்டு வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜெபமாலைக்கு முழந்தாளிட்டிருந்த அப்பா, "வாயை மூடிட்டு ஜெபத்தைச் சொல்லுடா" என்றார். அந்தப் பதிலைத் தம்பி ஐம்பது வருஷமாக மன்னிக்கவில்லை.

தொண்ணூற்றொரு வயது வரை ஒரு ஞாயிறு பூசைகூடத் தவறவிடாத அப்பாவுக்கு இன்று முப்பதாம் நாள். டைல்ஸ் போடும் வேலையிலிருந்து நேராக, தோளில் துண்டோடு வந்து நின்ற தம்பியை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அடக்கத்துக்கு வராதவனுக்கு முப்பதுக்கு மட்டும் என்ன வேலை?"

"நீதானே கூப்பிட்ட."

"நாலு பேரு கேப்பாங்களேன்னு கூப்பிட்டேன். உன் மூஞ்சியைப் பார்க்கிற ஆசையில இல்ல. ஜெபத்துக்கு முன்னாடி அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு. அது போதும்."

"பேசுறேன். கோயில்ல தாலி கட்டலன்னு பெத்த பிள்ளை கல்யாணத்துக்கே வராத மனுஷன்னு பேசுறேன். சின்னப் பசங்களை வெறுந்தரையில மண்டி போட வச்சுத் தேய்ச்சாருன்னு பேசுறேன்."

"பேசிட்டு அப்படியே போயிடு. இந்த வாசப்படியை மறுபடி மிதிக்காதே."

"முப்பது வருஷமா நான் மிதிச்சுக் கிழிச்சேனாக்கும்!"

வேலையில் நாளெல்லாம் மண்டி போடுகிறவன் அவன். கோயிலில் மட்டும் போடுவதில்லை. கூலி கொடுக்கிறவனுக்குத்தான் என் முட்டி என்பான்.

"அம்மா மட்டும் இல்லேன்னா என் முட்டி அப்பவே போயிருக்கும்" என்றான்.

அந்த வீட்டில் ஜெபமாலை முடியும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. மாலையில் இரண்டு பத்து மணி உருட்டி முடிந்ததும் எல்லாரும் எழுந்து மாதா பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். பாடி முடித்து மறுபடி மண்டியிடும்போது அவன் முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு துண்டு இருக்கும். அம்மா இறந்தபோது, அந்தத் துண்டை நினைத்தே கல்லறைத் தோட்டத்தில் தேம்பித் தேம்பி அழுதான்.

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அம்மாவா? வடிகட்டின முட்டாள்டா நீ. அம்மா எப்பவும் மாதா படத்துக்கு முன்னாடி நின்னு ஜெபம் சொல்லிக் கொடுப்பாங்க. உனக்குப் பின்னாடி இருந்தது யாரு?"

தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துத் திரும்பத் தோளில் போட்டான். அக்கா நிறுத்தவில்லை.

"ஒரு நாள் நான் கண்ணைத் தொறந்துட்டேன். அப்பா தோள்ல கிடந்த துண்டை நாலா மடிச்சு உன் இடத்துல வைக்கிறாரு. என்னைப் பார்த்ததும், மூடு கண்ணைன்னு ஒரு முறைப்பு. எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வச்சிருப்பாரா? நான் பெரியவளாம். தாங்குவேனாம்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"எனக்கு வைக்காததை உனக்கு வச்சாருன்னு நானே உன்கிட்ட வந்து சொல்லணுமாக்கும்!"

அதற்குள் கோயில் ஆட்கள் வந்துவிட்டார்கள். எப்போதும் மூன்றாம் வரிசையில் உட்காருவதால் மூன்றாம் வரிசைக்காரர் என்றே பெயர் வாங்கியவர், "பிரேக்கைக்கூடக் கோவமா மிதிக்காத மனுஷன்யா!" என்று அப்பாவைப் புகழ்ந்தார். தம்பிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. பிறகு எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அக்கா தரையைப் பார்த்தாள். சேலை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"அப்பா எப்பவும் எல்லாருக்கும் பின்னாலதான் மண்டி போடுவாரு" என்றான் தம்பி. "இன்னைக்கு அந்த இடத்துல நான் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னான். அக்கா நம்பாமல் ஒரு தடவை முறைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் மண்டியிட்டாள். அப்பாவைக் குளிப்பாட்டி, தூக்கி, திருப்பிப் படுக்க வைத்த அறுபது வயது உடம்பு. வலியில் பல்லிடுக்கில் மூச்சு இழுத்தது அவனுக்குக் கேட்டது.

மூன்றாம் வரிசைக்காரர் ஜெபம் சொன்னார். இரண்டு பத்து மணி முடிந்தது. எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். தம்பி மட்டும் கண்ணைத் திறந்தான். தோளிலிருந்த துண்டைச் சத்தமில்லாமல் உதறி நாலாக மடித்தான். குனிந்து அக்காவின் இடத்தில் வைத்தான்.

பாட்டு முடிந்து அக்கா மண்டியிட்டாள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிய குரல் பாதியில் நின்று, பிறகு தொடர்ந்தது. அவள் திரும்பியிருந்தாலும் ஒன்றும் பார்த்திருக்க மாட்டாள். அதற்குள் அவன் வெறுந்தரையில் மண்டியிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.