கொடுக்காத மாத்திரைகள்

1961இல் சிராங்கூன் ரோட்டில் ஜைனுலாபுதீன் மருந்துக்கடை நடத்திவந்தார். ஒருநாள் காலை, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கையா தூக்க மாத்திரைக்கான சீட்டை நீட்டினார். டாக்டர் பத்து என்று எழுதியிருந்ததை யாரோ நாற்பதாகத் திருத்தியிருந்தார்கள். மையின் நிறமே வேறு.

"இதை நான் தர முடியாது, தம்பி."

"டாக்டர் சீட்டு இருக்கு. முடியாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

"மருந்தை எடுத்துக் கொடுக்கிறவன் நான். சந்தேகம் வந்தா மறுக்கிற உரிமை எனக்கு இருக்கு. நாற்பது எதுக்கு?"

தங்கையா மனைவியைப் பறிகொடுத்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

ஜைனுலாபுதீன் உடனே டாக்டருக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னார். தெரிந்த மருந்துக்கடைகளுக்கெல்லாம் சொல்லிவைத்தார். அப்படியும் மனம் ஆறவில்லை. வேறெங்காவது வாங்கிவிட்டால்?

மூன்று மணிக்கு டாக்டரே கூப்பிட்டார்.

"தங்கையா என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். திருத்தினது நான்தான்னு சொல்லி அழுதுட்டார். அவரோட அக்கா வந்திருக்காங்க, தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறாங்களாம். நல்லவேளை, நீங்க கொடுக்கல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றபடி ஜைனுலாபுதீன் நாற்காலியில் சாய்ந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை.