வாரிசுக்கு எழுதிய ஏழு கடிதங்கள்

அந்த வக்கீல் ஆபீஸில் அவளுக்கு வாரிசக்கா என்று பெயர். உயில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனவர்களின் சொந்தக்காரர்கள் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்து, உங்களுக்கு இன்னது வந்திருக்கிறது, வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் அவள் வேலை. கேள்விப்படுகிறவர்கள், "போற இடமெல்லாம் உங்களைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்களே!" என்பார்கள். வாரிசக்காவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆரம்பத்தில் அப்படியும் இருந்தது. பிறகு உலகத்துத் திருட்டுப்பயல்கள் எல்லோரும் அவள் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பார்த்தே இராத பெரியப்பா விமான விபத்தில் போய்விட்டார், ஒரே வாரிசு நீங்கள்தான், ஒரு சின்னக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று நாளுக்கு லட்சம் மெயில் பறக்க ஆரம்பித்தது. அவர்கள் எழுதுவதும் அவள் எழுதுவதும் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. 'அன்புடையீர், தங்கள் உறவினர் காலமான விவரத்தை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' வக்கீல் சொல்லச் சொல்ல அவள் அடிக்கிற கடிதத்தில் நாலு பிழையாவது இருக்கும். திருடர்கள் இப்போதெல்லாம் சுத்தமாக எழுதுகிறார்கள்.

போன் செய்தால் அதைவிட மோசம். "உனக்கெல்லாம் சோறு எப்படித் தொண்டைல இறங்குது?" என்று கேட்டார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒரு பெண், "சொத்தா? நீயே வச்சுக்க தாயி, நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். காசு எதுவும் கட்ட வேண்டாம் என்று சொன்னால், "முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க" என்றார்கள். சொல்லாவிட்டால், "எவ்வளவு கட்டணும், அதையும் சொல்லிடு" என்றார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக்காரர் ஃபைல் அவள் மேஜைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கிற சின்னக் கடை வைத்திருந்தவர். கல்யாணம் ஆகாதவர். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து, போய்விட்டார். குடியிருந்த இரண்டு அறை வீட்டைத் தன் ஒரே தங்கைக்கு எழுதிவைத்திருந்தார். உயிலில் தங்கையின் மெயில் முகவரியும் போன் நம்பரும் இருந்தன. வீட்டு முகவரியை வாரிசக்கா அலைந்து திரிந்து கண்டுபிடித்தாள்.

நாலு மெயில், இரண்டு குறுஞ்செய்தி, ஒரு பதிவுத் தபால். ஆக ஏழு. பதிவுத் தபால் 'வாங்க மறுத்துவிட்டார்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. நாலாவது மெயிலுக்கு மட்டும் பதில் வந்தது: 'எங்க அம்மாவை ஏற்கெனவே ஒரு தடவை மொட்டையடிச்சாச்சு. இனிமே எழுதினா போலீஸுக்குப் போவேன்.' அன்றைக்கே அவள் போன் நம்பரையும் அங்கே பிளாக் செய்துவிட்டார்கள்.

"கண்டுபிடிக்க முடியலைன்னு ஒரு குறிப்பு எழுதி ஃபைலை ஓரமா வச்சிடலாமே," என்றார் வக்கீல்.

"கண்டுபிடிச்சாச்சு சார். நம்ப வைக்கத்தான் முடியல. அதுக்குன்னு ஒரு ஃபாரம் இருந்தா குடுங்க, நிரப்பிடறேன்."

வக்கீல் சிரித்துக்கொண்டே அடுத்த ஃபைலை எடுத்தார்.

சனிக்கிழமை காலையில் வாரிசக்கா இரண்டு பஸ் மாறிப் போனாள். வரிசையாகப் பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' என்று ஒட்டிய காகிதமே மஞ்சளாகிப் போயிருந்தது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு ஏறினாள்.

மணி அடித்ததும் கதவு நாலு விரல் அளவு திறந்தது. குறுக்கே சங்கிலி. இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி பாதி முகத்தைக் காட்டினாள்.

"யாரு?"

"வக்கீல் ஆபீஸ்ல இருந்து வரேம்மா. உங்களுக்கு மெயில்லாம் அனுப்பியிருந்தேனே..."

"மெயில்ல வந்தீங்க, போன்ல வந்தீங்க, இப்ப வீட்டுக்கே வந்துட்டீங்களா? நல்ல தைரியம்தான்."

"இந்த அடையாள அட்டையைப் பாருங்க..."

"தெருமுனைக் கடைல குடுத்தா இதைவிட நல்லா அடிச்சுத் தருவான்."

உள்ளேயிருந்து, "யாருடி அது?" என்று ஒரு குரல் வந்தது. "யாரும் இல்லம்மா, எதையோ விக்க வந்திருக்காங்க," என்றாள் மகள், தலையைத் திருப்பாமலே.

வாரிசக்காவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மாடிப்படியின் மேல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா. குடிச்சிட்டுப் போயிடறேன்."

மகள் உள்ளே போய், ஒரு டம்ளரைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். டம்ளர் இடுக்கில் நுழையவில்லை. சங்கிலியை எடுக்கவும் மனசில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது.

வாரிசக்கா குடித்து முடித்தாள். "நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலம்மா. என்னை நம்பவும் வேண்டாம். நேரா உங்க மாமாவோட கண்ணாடிக் கடைக்குப் போங்க. மூடிக் கிடக்கும். பக்கத்துல செருப்புத் தைக்கிறவரு இருப்பாரு, அவர்கிட்டக் கேளுங்க. அது போதும்."

"கண்ணாடிக் கடை ஏன் மூடிக் கிடக்குது?"

கேட்டது மகள் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் ஓர் அம்மா வந்து நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி. "எங்கண்ணன் ஒரு நாள்கூடக் கடையை மூட மாட்டானே. காய்ச்சல்லகூடத் திறந்து வச்சிட்டு உக்காந்திருப்பான்."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கதவின் முன்னால் வாரிசக்கா நின்றதே இல்லை. அவள் போய்ச் சேருவதற்குள் சாவுச் செய்தி எப்படியாவது போயிருக்கும். அழுது முடித்துத்தான் இருப்பார்கள். அவள் சொத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இங்கேயோ ஏழு தடவை எழுதியும் இந்த அம்மாவின் கண்ணில் ஒரு வரிகூடப் படவில்லை. மகள் படித்திருக்கிறாள். பொய் என்று அழித்திருக்கிறாள்.

வாரிசக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமில்லை.

"அம்மா, உங்க அண்ணன் இறந்துட்டாருங்க. நாலு மாசம் ஆச்சு."

அந்த அம்மா அழவில்லை. மகளைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பொய்னு நெனச்சேம்மா," என்றாள் மகள். அதுவரை இருந்த மிடுக்கெல்லாம் குரலிலிருந்து இறங்கிவிட்டது. "முன்னாடி அந்தத் திருடன் அனுப்பின மெயில்லயும் சித்தப்பா செத்துட்டாருன்னுதானே போட்டிருந்தான்? நீ நாலு நாள் அழுதுட்டு, இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டினியே. சித்தப்பா கல்லு மாதிரி இருக்காரு. அதுக்கப்புறம்தானே உன் போனை நான் பார்க்க ஆரம்பிச்சேன். இதுவும் அப்படித்தான்னு..."

அம்மாதான் வந்து சங்கிலியை எடுத்தாள்.

உள்ளே, சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை செய்கிறவள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அண்ணனோடு பேச்சு விட்டுப்போய் ஒன்பது வருஷம். கடைசிக் காலத்தில் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று வந்த வாய்ச்சண்டை. அப்பாவும் போய்விட்டார்; சண்டை மட்டும் மிச்சமிருந்தது.

"கூட யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"செருப்புத் தைக்கிறவருதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு நாளும் அவருதான் இருந்தாரு. அடக்கத்துக்கும் அந்தத் தெருக் கடைக்காரங்க எல்லாரும் போயிருக்காங்க."

"எனக்குச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"உங்க நம்பர் யார்கிட்டயும் இல்லம்மா. உயிலைப் பிரிச்ச அப்புறம்தான் எங்களுக்கே தெரியும். தெரிஞ்ச அன்னிக்கே எழுதினேன்."

"என்ன எழுதினீங்க?"

வாரிசக்கா திரும்பி வந்த பதிவுத் தபாலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா உறையைப் பிரித்து மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். 'அன்னாரின் அசையாச் சொத்து... தங்கள் பெயருக்கு உரிமை மாற்றம்...' முழுதும் படித்துவிட்டு, காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல எங்கண்ணன் எங்க இருக்கான்?"

சட்டம் அப்படி, முறை அப்படி என்று வாரிசக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொருள்களைக் கணக்கெடுக்க அந்த வீட்டுக்கு அவள்தான் போயிருந்தாள். அது ஞாபகம் வந்தது.

"நான் அவரைப் பார்த்ததில்லம்மா. வீட்டைப் பார்த்தேன். ஒரு அலமாரி நிறையப் பழைய கண்ணாடிங்க. குடுத்துட்டுத் திரும்பி வாங்க வராதவங்களோடது. ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு கட்டி, 'கணக்கு டீச்சர்', 'திக்குவாய் டிரைவர்'னு எழுதி வச்சிருந்தாரு. ரேடியோ மூடி உடைஞ்சிருந்தது. அதைக் கண்ணாடிக் கம்பியால கட்டியிருந்தாரு."

"எதையும் தூக்கிப் போட மாட்டான்," என்றாள் தங்கை. அப்போதுதான் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "உயில் எப்ப எழுதினான்?" என்றாள்.

"ஆறு வருஷம் முன்னாடி."

"ஆறு வருஷமா? என் நம்பரை எழுதி வக்கத் தெரிஞ்சவனுக்கு அந்த நம்பருக்கு ஒரு போன் பண்ணத் தெரியலையா? பாவி!" என்று மேஜையில் ஓங்கி அடித்தாள். மகள் தோளைத் தொட வந்தாள். அம்மா தோளை விலக்கிக்கொண்டாள்.

கிளம்பும்போது மகள் கீழ்ப்படி வரை கூட வந்தாள். "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"உன் இடத்துல நான் இருந்தாலும் அதேதான் பண்ணியிருப்பேன்," என்றாள் வாரிசக்கா. பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலாக இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை மகள் கோர்ட்டுக்கு நேரில் போய், பதிவேட்டைப் பார்த்து, எல்லாம் உண்மைதானா என்று விசாரித்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம் தாயும் மகளும் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். சாவியை வாங்கிய அம்மா வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செருப்புத் தைக்கிறவர் எத்தனை மணிக்குக் கடை திறப்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

அன்று மாலை வாரிசக்கா ஆபீஸ் கடிதத்தின் முதல் பத்தியை மாற்றி எழுதி வக்கீலிடம் காட்டினாள். இறந்தவரைப் பற்றி இரண்டு வரி, கூட யார் இருந்தார்கள் என்று ஒரு வரி. வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படி எழுதினா இன்னும் சந்தேகப்படுவாங்க அக்கா. திருடனுங்கதான் இவ்வளவு உருகி எழுதுவானுங்க." அவர் சொன்னது சரிதான். பழைய கடிதமே இருந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். "அம்மா தன் போனை என் கையில இருந்து பிடுங்கிட்டாங்க. வர்ற மெயில் ஒண்ணு விடாம அவங்களே படிக்கிறாங்க. குப்பைல விழறதைக்கூட. ஒண்ணையும் அழிக்க விடமாட்டேங்கிறாங்க. இதுல எது நிஜம்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"சந்தேகம் இருந்தா எனக்கு அனுப்பச் சொல்லு," என்றாள் வாரிசக்கா.

அந்த அம்மா அனுப்ப ஆரம்பித்தாள். பரிசுச் சீட்டு, பாதியில் நிற்கும் பார்சல், முடங்கிய வங்கிக் கணக்கு, கடலில் மூழ்கிய தூரத்து உறவு. நாளுக்கு நாலு, ஐந்து. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் வாரிசக்கா டீயை வைத்துக்கொண்டு முதலில் அவற்றைத்தான் பார்ப்பாள். சொந்த வேலையே மலை மாதிரி குவிந்து கிடக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் அடிப்பாள்.

'பொய்தாம்மா. யாரும் சாகல. அழிச்சிடுங்க.'