கல்தாக் சேர்த்த வரிகள்

1

இந்தக் கதை தானாக வரவில்லை. எங்கள் சபையை நடத்தும் பாஸ்டரம்மா கேட்டார். "இலையுதிர் காலத் தியானம் ஒண்ணு எழுதித் தாங்க. மே மாசம் முதல் ஞாயிறு சபையில வாசிக்கணும். ரெண்டு பக்கம் போதும்."

நான் ஆப்பிள் பறிக்கிறவன். எழுத்துக் கற்று இரண்டு வருடம் ஆகிறது, அதுவும் நாற்பத்தாறாவது வயதில். இரண்டு பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர்.

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

இலைகள் உதிர்வதுபோல நம் கவலைகளையும் கர்த்தருடைய பாதத்தில் உதிர்த்து—

நிறுத்திவிட்டேன். போன வருடம் யாரோ வாசித்தது இது. எனக்குப் பொருந்தவும் இல்லை. இலை விழும்போதுதான் எனக்குக் கவலை கூடும். புல் ஈரமாகும், ஏணி சறுக்கும், பெட்டி நிரம்பாது.

இரண்டாவது ஆரம்பம்:

எங்கள் நுனா தீவில் இலையுதிர் காலம் கிடையாது. பூமியின் தென்பாதியில், ஏப்ரல் மே மாதத்தில் இலை உதிரும் இந்த ஹுவான் பள்ளத்தாக்குக்கு வந்த முதல் வருடம், தோட்டத்து மரமெல்லாம் மஞ்சளாவதைப் பார்த்து நோய் என்று நினைத்தோம். நானும் என் மச்சான் கல்தாக்கும் ஒரு வரிசை முழுக்க, நாற்பத்தொரு மரத்தின்மேல், கை வைத்து ஜெபித்தோம்.

இது நடந்தது. பத்து நாளில் அந்த வரிசையில் ஓர் இலை மிச்சமில்லை. கல்தாக் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான்.

"மச்சான், நம்ம ஜெபம் கொஞ்சம் பலமாப் போச்சு போல."

இந்த ஆரம்பத்தையே வைத்துக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால் கல்தாக் உள்ளே வந்துவிட்டான். அவன் வந்தால் தியானம் தியானமாக நிற்காது, கதையாகிவிடும். (பாஸ்டரம்மா மன்னிக்கவும்.)

2

கல்தாக் என் மனைவி லெய்மாராவின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஏழு பருவமாக ஒன்றாக வந்து பறிக்கிறோம். நுனாவில் போன் பேசினால் காற்றடிக்கும்போதெல்லாம் அறுந்துவிடும். அதனால் லெய்மாரா கடிதம் எழுதுவாள், வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புவாள். வாசிப்பது கல்தாக். நான் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் அவன்தான்.

சாயங்காலம் குளித்துவிட்டு, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து வாசிப்பான். ஒரு கடிதத்தில் லெய்மாரா இப்படி எழுதியிருந்தாள்: "நீங்க போன பிறகு கடல் ஒரு பக்கமாச் சாஞ்ச மாதிரி இருக்கு." அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க ஏணி ஏறினேன்.

பிறகு சபைக் கூடத்தில் புதன்கிழமை வகுப்பில் எழுத்துக் கற்றேன். அச்செழுத்து முதலில் வந்தது, கையெழுத்து இந்த வருடம்தான் பிடிபட்டது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தின் முதல் வாரம், பிஸ்கட் டின்னில் வைத்திருந்த ஏழு வருடக் கடிதங்களையும் எடுத்து, விரல் வைத்து வாசித்தேன்.

பன்றி வேலி விழுந்துவிட்டது. ஆணி அனுப்பவும். கூரைக்குத் தகரம் மூன்று. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டது. லெய்மாரா.

எல்லாம் இப்படித்தான். டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். கடல் எங்கேயும் சாயவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். முயன்றேன்:

கல்தாக் கள்ளப் பார்வை உடையவன். அவன் சிரிப்பில்—

முடியவில்லை. அவன் பார்வை பசுவின் பார்வை. சிரித்தால் கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரியும், அவ்வளவுதான். எழுதுகிறவனுக்கு வசதியாக மச்சான்கள் அமைவதில்லை.

3

எங்கள் ஊர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மனத்தாங்கல் உள்ளவன், திராட்சரசம் பகிரும் திருவிருந்துப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. யாரோடு மனத்தாங்கலோ அவன் கையை எல்லோர் முன்னாலும் பிடித்துவிட்டுத்தான் தொடலாம். இங்கே வந்தும் அதை விடவில்லை. நான், பறிக்கிறவர்கள் எல்லோரும் படுக்கும் நீண்ட கொட்டகையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனேன். போகும்போது எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்: "இந்த ஈஸ்டருக்கு நான் பாத்திரம் தொடல."

சொன்ன பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். முப்பது ஈஸ்டரில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை.

மூன்றாம் வாரம் பாஸ்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, தேநீர் ஊற்றி, "சரி, கை குடுங்க பார்ப்போம்" என்றார். கொடுத்தேன். விரல் நுனியை மட்டும்.

(பறிக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிளை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருப்ப வேண்டும். பழுத்திருந்தால் தானே கையில் வரும். பழுக்காததை இழுத்தால் காம்போடு பக்கத்திலிருக்கும் சின்ன மொட்டும் பிய்ந்துவரும். அது அடுத்த வருடக் காய். பாஸ்டரம்மா நல்லவர். அன்றைக்கு இழுத்துவிட்டார்.)

தியானம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இதுதான். பாஸ்டரம்மாவின் புத்தகங்களில் ஈஸ்டர் என்றால் புதுப்புல், குஞ்சு, பூ. எங்கோ வடக்கே எழுதியவை. இங்கே இலை விழும் நேரத்தில் ஆண்டவர் எழுகிறார். பறித்து ஓய்ந்த மரங்களுக்கு நடுவில் வருகிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்த மரங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மொட்டு இப்போதே இருக்கும்.

4

ஈஸ்டர் ஆராதனை காலை ஆறு மணிக்கு, தோட்டத்தின் மேட்டில், நெருப்பு மூட்டி. அதே ஞாயிற்றுக்கிழமைதான் இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாளும். அறிவிப்பில் சொன்னார்கள். எங்கள் தீவில் கடிகாரத்தை யாரும் எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை.

மேட்டுக்குப் போனேன். விறகு அடுக்கியிருந்தது. ஆள் இல்லை. பெஞ்சில் போர்வைக்குள் ஓர் உருவம் மட்டும்.

"மணி ஆறாயிடுச்சா?" என்றது உருவம். கல்தாக். ஐந்து வாரத்தில் முதல் பேச்சு.

"என் சுவர்க் கடிகாரத்துல ஆறு."

"போன்ல அஞ்சு. பின்னால தள்ளச் சொன்னாங்களேன்னு அலாரத்தையும் ஒரு மணி கொறச்சு வச்சேன். போன் தானாவும் தள்ளிக்கிச்சு."

"நான் எதையும் தள்ளல."

"அப்ப ரெண்டு பேரும் முட்டாளு. உக்காரு."

அன்றைக்கு ஊரே ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பெற்றது. எல்லோரும் அதைத் தூங்கிக் கழித்தார்கள். எங்களுக்கு மட்டும் அது பெஞ்சில் கிடைத்தது. போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளினான். குளிர் அப்படி, வாங்கிக்கொண்டேன்.

"அவ எழுதாதத ஏன் வாசிச்ச?"

"மொத லெட்டர் வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன் மச்சான். குளிச்சு, சட்ட மாத்தி, தலை வாரிட்டு வந்து உக்காந்திருக்க. லெட்டர்ல ஆணி, தகரம், பன்னி வேலி. எனக்கு வாய் வரல."

"அதுக்காகக் கடலச் சாய்ப்பியா?"

"லேசாத்தான் சாய்ச்சேன்."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"நீ மட்டும் என்ன?" என்றான். "'ஆணி அனுப்பினேன், உடம்பு நல்லாயிருக்கு.' இதுக்கு மேல ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கியா? அத என் தங்கச்சிக்கு எப்படி அனுப்புறது? அங்கயும் சேத்தேன்."

"என்ன சேத்த?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுடா."

"வெக்கமா இருக்குய்யா. என் தங்கச்சி அவ."

(இங்கே ஒன்று சேர்க்க வேண்டும். பாயைச் சுருட்டிய பிறகு நானே என் கையால் எழுதி அனுப்புகிறேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் லெய்மாராவின் பதில் வந்தது. நானே வாசித்தேன்: "கையெழுத்து நன்றாக இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? ஏழு வருடம் பேசிய மாதிரி இப்போது பேசுவதில்லை. ஆணி வந்தது." அப்போது புரியவில்லை. பெஞ்சில் புரிந்தது.)

அந்தக் கடிதத்தை அவனிடம் சொன்னேன். அவன் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு குலுங்கினான். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்புறம் சிரிப்பு ஓய்ந்தது. ஆனால் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஏழு வருடம் என் வீட்டுக்குள் அவன் பேசியிருக்கிறான். கை இன்னும் என் மடியில்தான் இருந்தது.

கீழே கைவிளக்குகள் அசைந்தன. சபை ஏறி வந்தது.

5

முடிவுக்கு மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

அ) பாத்திரம் எங்கள் வரிசைக்கு வந்தபோது நான் கை நீட்டினேன். அதே கணம் சூரியன்— இல்லை. அன்று மேகம்.

ஆ) நான் எழுந்து யாரையும் பார்க்காமல் மேட்டிலிருந்து இறங்கி— படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஈரப் புல்லில் கெத்தாக இறங்கும் முழங்கால் எனக்கு இல்லை.

இ) கல்தாக் முதலில் கை நீட்டினான். அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

மூன்றையும் அடித்துவிட்டேன்.

நேற்று இந்தத் தாள்களைப் பாஸ்டரம்மாவிடம் கொடுக்கப் போனேன். "நீங்களே வாசிக்கிறீங்களா?" என்றார். நான் விரல் வைத்து வாசித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். வேறு ஓர் ஆளின் பேரைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நிச்சயமாவா?" என்றார்.

ஆகையால் இதுவரை நீங்கள் கேட்ட குரல் கல்தாக்குடையது. அவனிடம் தாளைக் கொடுத்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், கடைசியில அஞ்சு வரி காலியா இருக்கே?" என்றான்.

"ஆமா."

"பாத்திரம் வந்தப்ப நடந்தது எங்க?"

"நீயும்தான இருந்த."

"நான் கொஞ்சம் சேத்துருவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

சபையாரே, நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் என்ன சொன்னாலும் ஆமென் சொல்வேன்.

கல்தாக், நீ சொல்லு.

.....

.....

.....

.....

.....