அழக் கூடாத கண்

கண்புரை எடுத்து ஒரு வாரம் ஆவதற்குள் என் மகன் இறந்தான். மின்கம்பி இழுக்கப் போன கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தான். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அழக் கூடாது என்று மருத்துவர் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் எதையும் மீறவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து நின்று மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். கல்நெஞ்சக்காரன் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மறுக்கத் தோன்றவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது.

மருமகள் அவன் விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவள் வீட்டார் கிறிஸ்தவர்கள். சம்மதம் சொன்னபோதே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: உன் ஜெபம் உன் மனதோடு இருக்கட்டும், என் வீட்டுக் கூடத்தில் சத்தம் கேட்கக் கூடாது. சரி என்றாள். சொன்ன சொல்லை ஒரு நாளும் மீறியதில்லை.

என் மனைவிக்குக் கை நடுங்கும். அதனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது மருமகள்தான். மகனை எடுத்துப் போன அன்றும் விட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் தலையணையைச் சரிசெய்து, மேலே பார்க்கச் சொல்வாள். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடிக்கும்போது அவள் உதடு லேசாக அசையும். பிறகுதான் சொட்டு விழும். என்ன முணுமுணுக்கிறாய் என்று ஒரு முறை கேட்டேன்.

"உங்களுக்காகத்தான் மாமா. சத்தம் வரலையே."

நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தபடியே கிடந்தாள். பாலில் நனைத்த ரொட்டியை மருமகள் ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் வாங்கினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அழ, மருமகள் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள். சாரம் கட்டிய மேஸ்திரி ஒரு நாள் வந்து வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். அவரை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. இவள் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துப் போய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "அவரும் தூங்கியிருக்க மாட்டாரு மாமா" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

அதுதான் என் தம்பிக்கு ஆகவில்லை. புருஷனைச் சாகடித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தவள் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். இரும்புக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து பழகியவன். எதையும் எடை போட்டுத்தான் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா அழைத்துப் போக வருகிறார் என்று தெரிந்ததும், அதற்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். அத்தையை இந்த நிலையில் விட்டுப் போக மனமில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று அவள் எங்களிடம் சொல்லியிருந்தாள். அதற்குத் தம்பி ஒரு நிபந்தனை வைத்தான். இருப்பதானால் இந்த வீட்டுக்குள் ஜெபம் என்ற பேச்சே கூடாது, பெரியவர்கள் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். குடும்பத்தின் மூத்தவன் நான். அவன் கேட்டது எனக்காகத்தான். சரியென்றே நினைத்தேன்.

சம்பந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா சொல்ல மாட்டேன்னு மாமாவுக்குக் கொடுத்த வார்த்தை அப்படியே இருக்கு, சின்ன மாமா," என்றாள் அவள். "ஜெபமே பண்ண மாட்டேன்னு சொன்னா அது பொய். தங்க இடம் வேணும்னு பொய் சொல்ல முடியாது."

அப்படியானால் பெட்டியைக் கட்டு என்றான் தம்பி. அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு மருந்து விடும் நேரம். இதென்ன பெரிய வித்தையா என்று தம்பியே குப்பியை எடுத்தான். நான் படுத்துக்கொண்டேன். அவன் கையில் கடை வாசனை அடித்தது. முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது, அடுத்தது காதுக்குள் போனது.

"கண்ணைச் சிமிட்டாதண்ணே."

"காதுக்கு ஆபரேஷன் பண்ணலடா," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. காது வழியாக மருந்து கழுத்துக்கு இறங்கியது. உள்ளறையில் அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தமும், போகாதே என்று என் மனைவி சொல்வதும் கேட்டன. அவள் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. மருமகளுக்கு ஒரே ஒரு பொய் போதும், இங்கேயே இருந்திருக்கலாம். நாங்கள் யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது என்றுதான் எங்கள் அப்பாவும் எங்களை வளர்த்தார். அந்த வளர்ப்பைத்தான் குடும்ப மானம் என்று நான் இத்தனை காலம் சொல்லிவந்திருக்கிறேன். அதை வைத்திருப்பவளைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு எதைக் காப்பாற்றுவது?

மருமகளைக் கூப்பிட்டேன். மடித்த சேலை ஒன்று கையில் இருக்க, வாசற்படியில் வந்து நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வாம்மா. வழக்கம்போல விடு."

"அண்ணே, நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"இவ இந்த வீட்டுப் பொண்ணு. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவள் தலையணையைச் சரிசெய்தாள். இமையை இழுத்துப் பிடித்தாள். எல்லோரும் பார்த்திருக்க, அவள் உதடு அசைந்தது. சொட்டு சரியாக விழுந்தது. எனக்கு அவளுடைய மத நம்பிக்கை வந்துவிடவில்லை. நெஞ்சிலும் எதுவும் அசையவில்லை. குளிர்ந்த மருந்து கண்ணுக்குள் பரவியது மட்டும் தெரிந்தது.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தடுக்கவில்லை. சம்பந்தியும் எழுந்தார். இத்தனை வருடத்தில் அவர் இந்த வீட்டில் கை நனைத்ததில்லை. நான் சாப்பிடச் சொன்னதும் இல்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

சோற்றைப் பரிமாறியதும் அவர் தயங்கினார். கைகளை மேசைக்கு அடியில், மடிக்குள் கோத்துக்கொண்டு, யாருக்கும் தெரியக் கூடாதென்பது போலத் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினார். அவர் கண் திறக்கும் வரை நான் தட்டில் கை வைக்கவில்லை.