நாலாவது விளக்கு

1964ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோலார் தங்க வயல் ராபர்ட்சன்பேட்டை தொழிலாளர் வாசகசாலையின் முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: அந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவரின் மகனும் ஜவுளிக்கடை முதலாளியுமான ஏகநாதன், சென்னையில் ஐந்து வருஷம் சிற்பம் படித்துவிட்டுத் திரும்பியிருந்த அவருடைய மகள் பத்மா, வாசகசாலைத் தலைவரும் ஓய்வு பெற்ற மேஸ்திரியுமான வால்டர், சுரங்கத் தொழிலாளி துரை, அவன் மனைவி தாயம்மா, துரையின் கூட்டாளி நாகேஷ். இவர்களுக்குப் பின்னால் பெஞ்சு போதாமல் நின்றுகொண்டிருந்த அறுபது எழுபது பேர். யார் இருந்தார்கள், யார் என்ன பார்த்தார்கள் என்று பின்னால் பலவிதமான பேச்சு எழுந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சுரங்கத்தில் உயிர் விட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சிலை வேண்டும் என்று கேட்டது வாசகசாலைக் கமிட்டிதான். பத்மா போய்க் கேட்கவில்லை. ஏகநாதனும் சிபாரிசு செய்யவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் எதற்காகவும் யாரிடமும் போய் நின்றதில்லை.

வால்டர் துணியை இழுத்தார். கூட்டம் எதிர்பார்த்தது மீசை வைத்த ஒரு சுரங்கத் தொழிலாளியை. தலையில் தொப்பி, கையில் கடப்பாரை. துணிக்குள் இருந்ததோ பன்னிரண்டடி உயரத்துக்கு வளைந்து, உச்சியில் ஒன்றுகூடிய இரும்புக் கம்பிகள். முகம் இல்லை, கை இல்லை. உள்ளே மூங்கில் வளையங்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிய ஏழு விளக்குகள், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தரையை நோக்கி இறங்கின.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இன்னாபா இது, ஆளையே காணோம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆளு இன்னும் மேல வரலபோல."

"கோழிக்கூண்டுபா!" என்றான் நாகேஷ். "முதலாளி வூட்டுப் பொண்ணு பண்ணை வைக்கப்போவுது. முட்டை வேணும்னா இப்பவே சொல்லி வெச்சிக்கோங்க."

"கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டறதுக்கு ஆகஸ்ட்லயே இன்னா அவசரம்?" என்று ஒரு பெண் கேட்க, கூடம் முழுக்கச் சிரிப்பு.

ஏகநாதன் நாற்காலியில் நிமிர்ந்தபடியே இருந்தார். அவருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. ஆனால் தன் மகள் செய்ததை நாலு பேர் முன்னால் விளங்காததுபோலப் பார்ப்பது அவருக்கு வழக்கமில்லை.

வால்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தலை எங்கேம்மா?"

"தலை கிடையாது அங்கிள். கீழ இறங்கினவங்க கையில இருந்த வெளிச்சம் மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு பத்மா சுவிட்சைப் போட்டாள்.

ஏழு விளக்குகளும் எரிந்தன. வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததால் வெளிச்சம் பால்போல் தெரிந்தது. சிரித்தவர்கள்கூட வாயை மூடினார்கள். அப்போதுதான் நாலாவது விளக்கின் தாளுக்குள்ளிருந்து கறுப்பாக ஓர் எண் தெரிந்தது. 417.

மற்ற விளக்குகளில் பத்மா வளையங்களின் கணக்கைப் பென்சிலால்தான் குறித்திருந்தாள். நாலாவது விளக்கு சென்னையிலிருந்து வரும்போது ரயிலில் கிழிந்துபோனது. அதை அவசரமாகத் திரும்ப ஒட்டியபோது அடித்தாளில் மையால் 4/17 என்று எழுதி, மேலே இன்னொரு தாளை ஒட்டினாள். நாலாவது விளக்கு, பதினேழாவது வளையம். நடுவிலிருந்த சாய்கோடு மூங்கில் சட்டத்தின் நிழலில் மறைந்துவிட்டது. வேறு எந்த ஊரிலும் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் கோலார் தங்க வயலில் மூன்று இலக்க எண் என்றால் அது ஓர் ஆள். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டு. ஷிப்ட் முடிந்து அது பலகையில் திரும்ப மாட்டப்படவில்லை என்றால், அந்த ஆள் பூமிக்கு மேலே இல்லை.

தாயம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த மூன்று எண்கள் மட்டும் தெரியும்.

"அது எங்க வூட்டுக்காரரு நம்பரு," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. செத்தவர்களுக்கான விளக்கில் உயிரோடு இருக்கிறவனின் எண்.

மறுநாள் காலை கடை திறந்ததும் தாயம்மா வந்து நின்றாள். செருப்பை வெளியிலேயே விட்டிருந்தாள்.

"அய்யா, அந்த ஒரே ஒரு விளக்கை மட்டும் எறக்கிடுங்க. உங்க கால்ல வேணாலும் வுழறேன்."

"காலில் விழுகிற வழக்கமெல்லாம் இங்கே வேண்டாம் தாயம்மா. அது டோக்கன் நம்பர் இல்லை. பாப்பா ஏதோ அளவுக்காக எழுதினது."

உள்ளேயிருந்து பத்மா வந்தாள். "அப்பா, அஞ்சு நிமிஷ வேலை. ஏணி இருந்தா நானே ஏறி மேல ஒரு கெட்டித் தாளை ஒட்டிடறேன்."

"நீ பேசாமல் இரு."

தாயம்மா போன பிறகுதான் அவர் மகளிடம் பேசினார். "இன்றைக்கு இறக்கினால், அதில் ஏதோ இருந்தது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி. நாளைக்கு ஏகநாதன் மகள் சாவுச்சீட்டு எழுதுகிறவள் என்பார்கள். அப்புறம் நீ இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது."

"என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லைப்பா. அந்தம்மா பயப்படறாங்க."

"உன்னை மட்டுமா சொல்வார்கள்?"

வாசகசாலைச் சாவியும் ஏணி வைத்திருந்த அறையின் சாவியும் தலைமுறையாக அந்த வீட்டில்தான் இருந்தன. அவற்றை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று மாலை ஆறு மணிக்குத் தானே போய் விளக்குகளைப் போட்டார். மறுநாளும் போட்டார்.

மூன்றாம் நாள் கம்பிகளின் அடியில் யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். அவர் அதைக் காலால் தள்ளவில்லை. குனிந்து எடுத்துத் தெருவில் போட்டார். பேப்பர் படிக்க வருகிறவர்கள் பக்கத்து வாசல் வழியாக வந்துபோனார்கள். பெண்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். கடையில் புடவை பிரித்துப் போட்டுப் பார்த்தவர்கள் எடுக்காமலே எழுந்து போனார்கள். அந்த வாரம் தரையும் அடிக்கடி லேசாக அதிர்ந்தது. ஆழத்தில் பாறை நெரிந்து வெடிப்பதை அங்கே பர்ஸ்ட் என்பார்கள். சின்னதாக வருவது சகஜம்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு அதிர்வுக்கும் கடைத்தெருவே வாசகசாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை துரையே வந்தான். கூட நாகேஷ்.

"எனக்கு இதுல நம்பிக்க இல்ல முதலாளி," என்றான் துரை. "ஆனா நாலு நாளா அவ தொண்டையில சோறு எறங்கல. நான் ஷிப்ட்டுக்குக் கெளம்பினா வாசப்படியில குறுக்க படுத்துக்கறா. எறக்கிடுங்களேன். அவளுக்காவ."

ஏகநாதனுக்கு அந்தப் பேச்சின் மரியாதை புரிந்தது. தனியாக வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஆனால் எதிர்க்கடைக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் இன்னும் நாலைந்து பேர்.

"எங்கள் வீட்டு வேலையில் யாரும் கை வைக்க முடியாது, துரை. நானும் வைக்க மாட்டேன்."

துரை துண்டை உதறித் தோளில் போட்டான். "அப்போ நாளைக்கு நான் எறங்கல."

"லீவு கேட்டா மேஸ்திரி பதிலுக்கு ஆளு கேப்பாரே," என்றான் நாகேஷ்.

"கேக்கட்டும்."

"எனக்கு நாளைக்கு ரெஸ்ட்டுதான். உன் எடத்துக்கு நான் போறேன், வுடு. கோழிக்கூண்டப் பாத்து பயந்த மொதல் ஆளு நீதான்டா!" நாகேஷ் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு ஏகநாதனைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க எறக்காதீங்க முதலாளி. பாத்தா அழகாத்தான் கீது."

வெள்ளிக்கிழமை மாலை நாலேகால் மணி. கடையில் அலமாரிக் கண்ணாடிகள் ஒரே சமயத்தில் கிடுகிடுத்தன. மேல்தட்டிலிருந்து துணிக்கட்டுகள் சரிந்தன. அதிர்வு வெகுநேரம் நிற்கவில்லை. நின்றபோது தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சைரன். பெண்கள் ஓடத் தொடங்கினார்கள்.

பத்மா அப்பாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

அவள் ஏணியைச் சாய்த்து ஒவ்வொரு விளக்காக அறுத்து இறக்குவதை அவர் வாசகசாலைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதை இறக்கி, தாளை விரலால் கிழித்து, எண்ணைத் தனியாக எடுத்தாள். நடுவிலிருந்த சாய்கோடு இப்போது நன்றாகவே தெரிந்தது. அவள் அதை அவரிடம் காட்டவில்லை.

ஏழு மணிக்கு ஷாஃப்ட் பக்கமிருந்து வால்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"போனது ஒருத்தர்தான். நாகேஷ்," என்றார். "துரை அங்கேதான் நிற்கிறான். யார் கூப்பிட்டும் நகர மாட்டேன் என்கிறான்."

ஏகநாதன் படியிறங்கினார். "துரையிடம் நான் வந்து பேச வேண்டும்," என்றார்.

"இன்னிக்கு வேண்டாம். அங்கே வராதீங்க," என்றார் வால்டர். அந்த ஊரில் ஏகநாதனை ஓர் இடத்துக்கு வர வேண்டாம் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அவர் போனார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. யாரும் வணக்கம் சொல்லவில்லை. துரையின் எதிரில் போய் நின்றார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாகேஷ் அன்று துரையின் டோக்கனை எடுத்துக்கொண்டுதான் இறங்கினான், அதனால் விளக்கு சொன்னபடி 417தான் போயிற்று என்று கடைத்தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். ஒருவன் டோக்கனை இன்னொருவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். 417 அன்று முழுவதும் பலகையில்தான் தொங்கியது. நாகேஷ் எடுத்துப்போனது அவனுடைய சொந்த டோக்கன். எண் 286. அந்த எண் எந்த விளக்கிலும் இல்லை.