பிரிவதற்கான வழிமுறை

எங்கள் லீகில் ஒரு விதி இருந்தது. ஒரு கிளப் இரண்டு வெளியூர் ஆட்டக்காரர்களைத்தான் இறக்கலாம். ஆனால் உள்ளூர்க்காரரை மணந்தவரை உள்ளூர்க்காரராகவே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பேட்மின்டன் கிளப்பில் ஏற்கெனவே இரண்டு வெளியூர்க்காரிகள் இருந்தார்கள். மூன்றாவதாக வந்தவள்தான் மூவரிலும் கெட்டிக்காரி. செயலாளர் கல்யாணமாகாத உள்ளூர் ஆண்களைத் தேடினார். கடைசியில் நான் தேறினேன். தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. மிஞ்சினேன்.

எனக்கும் அதில் ஆதாயம் உண்டு. நான் அங்கே ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டுகிறவன். கிளப் குடியிருப்பு குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான். பதினோரு வருடம் பட்டறைக்குப் பின்னால் சாமான் அறையில் படுத்தவனுக்கு இரண்டு அறையும் ஒரு பால்கனியும் கிடைத்தன. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு அறை, சீசன் முடிந்ததும் பிரிவது என்று பேச்சு.

நரம்பு கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நெடுக்கு நரம்புகளை நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் ராக்கெட்டின் சட்டம் கோணி உடையும். இதை அவளுக்கு முதல் வாரமே விளக்கினேன். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்டாள். அடுத்த வாரம் குழாய் ஏன் சொட்டுகிறது என்று விளக்கினேன். அதையும் கேட்டாள். என் வாழ்க்கையில் இரண்டாவது விளக்கத்துக்கும் உட்கார்ந்திருந்த முதல் ஆள் அவள்தான். பூட்டு எப்படித் திறக்கிறது என்று பத்து வயதிலேயே தெரிந்துகொண்ட எனக்கு, இது காதல் என்று புரிய ஐந்து மாதம் பிடித்தது.

அரையிறுதிக்கு முந்தைய வாரம் லீக் அந்த விதியையே எடுத்துவிட்டது. செயலாளர் பட்டறைக்கு வந்து, இனி நான் சிரமப்பட வேண்டியதில்லை என்று தட்டிக்கொடுத்தார். எனக்கோ, அவள் போய்விடுவாளோ என்ற பயம். பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் விளக்குவேன்.

அன்று மாலை ஒரு தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, இருவர் சம்மதத்தோடு பிரிவது எப்படி என்று அவளுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன். எந்தப் படிவம், எத்தனை நகல், எந்தக் கையெழுத்து விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள், எல்லாம். நடுநடுவே சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னேன். எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டாள். அவசரப்படுகிறாள் என்று நினைத்து, அதைக் குறைக்கவும் ஒரு வழி சொன்னேன்.

மறுநாள் காலை அவள் ஆட்டக்காரிகளின் விடுதிக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்கு போன் போட்டு, இப்படி ஒரேயடியாகப் போவாள் என்று நினைக்கவில்லை என்று புலம்பினேன். தாளைப் பற்றியும் சொன்னேன். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ உன்கிட்ட வழி கேட்டாளா?"

"இல்லக்கா. தெரிஞ்சு வெச்சுக்கட்டுமேன்னு..."

"கேக்காதவளுக்கு வாசல் வரைக்கும் வழி காட்டி, செருப்பையும் எடுத்துக் கொடுத்திருக்கே. பெரிய புத்திசாலிடா நீ."

அரங்குக்கு ஓடினேன். மதியப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு வலைக்கு அந்தப் பக்கமாகவே வந்து நின்றாள். வழியெல்லாம் ஐந்து காரணங்கள் தயாரித்திருந்தேன். முதலாவதை எடுத்தேன்: குடியிருப்பு தம்பதிகளுக்குத்தான் என்று ஒரு ஷரத்து...

"வீட்டுக்காகத்தான் வந்தீங்களா?"

"இல்ல. வீடு போனா போகுது. நீங்க வந்துடுங்க."

"ஏன்?"

யோசித்தேன். ஒரு கட்டம்கூட மனதில் விழவில்லை. மிச்சமிருந்த நான்கு காரணங்களும் எங்கே போயினவோ.

"தெரியல" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறு மாசத்துல இன்னைக்குத்தான் உங்க வாயில இந்த வார்த்தைய கேக்கறேன்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முழுதாக அடங்கவில்லை.

"பயிற்சி முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். முடிச்சிட்டு வரேன், சேர்ந்தே போகலாம். அதுவரைக்கும் சும்மா நிக்காம பந்து பொறுக்குங்க."

குனிந்தேன். இறகு நசுங்காமல் தக்கைப் பக்கமாகப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.